முதலில் எதற்குச் செலவிடுவது: பிராசசருக்கா, கிராஃபிக்ஸ் கார்டுக்கா?

வாசகர் கேள்வி – பதில்

கணினியில் விளையாடுவோரும் அவர்களுக்குக் கணினி வாங்கித் தரும் பெற்றோரும் அனுப்பும் கடிதங்களில் இந்த ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. அதனால் இந்த இதழில் அதைச் சார்ந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குச் செல்லவிருக்கும் என் மகனுக்கு டெஸ்க்டாப் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். எழுபதாயிரம் ரூபாய் ஒதுக்கியுள்ளேன். “பெரிய பிராசசராக வாங்கிவிடுங்கள், கிராஃபிக்ஸ் கார்டைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்” என்கிறார் கடைக்காரர். மகனோ கார்டுதான் முக்கியம் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? – வாசகர், மதுரை

உங்கள் மகன் சொல்வதே பெரும்பாலும் சரி. காரணத்தைச் சொல்வதற்கு முன், திரையில் ஒரு காட்சி எப்படி உருவாகிறது என்பதை விளக்கிவிடுகிறேன். அது புரிந்துவிட்டால் கீழே உள்ள மற்ற பதில்களும் எளிதில் விளங்கும்.

விளையாட்டில் நாம் காணும் அசைவு, திரைப்படத்தில் உள்ளது போலவே, அடுத்தடுத்து வரும் அசையாப் படங்களால் ஆனது. அப்படி ஒரு படத்துக்கு ஃபிரேம் என்று பெயர். விநாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடிதான். அந்தச் சிறு பொழுதுக்குள், ஆடுபவர் எந்தப் பொத்தானை அழுத்தினார், எதிரி எந்தப் பக்கம் திரும்புகிறான், சுட்ட குண்டு சுவரில் பட்டதா ஆள்மீது பட்டதா, உருண்ட பீப்பாய் எங்கே போய் நிற்கும், எந்த ஒலி எந்தத் திசையிலிருந்து கேட்க வேண்டும் என்பதையெல்லாம் கணக்கிட்டு முடிவுசெய்வது பிராசசர். முடிவுசெய்தபின், இன்னின்ன பொருளை இன்னின்ன இடத்தில் வரைய வேண்டும் என்று ஒரு பட்டியலைத் தயாரித்து அதுவே கார்டிடம் கொடுக்கிறது. கார்டு அந்தப் பொருள்களைத் திரையில் பொருத்தி, ஒளியையும் நிழலையும் நிறத்தையும் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு நிரப்புகிறது. கார்டு ஒரு ஃபிரேமை வரைந்துகொண்டிருக்கும்போதே பிராசசர் அடுத்ததன் கணக்கைத் தொடங்கிவிடும். ஆகவே இரண்டும் எடுக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டியதில்லை. எது அதிக நேரம் எடுக்கிறதோ அதன் வேகமே விளையாட்டின் வேகம்.

மார்கழியில் தெருவை அடைத்துப் போடும் வண்ணக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளி வைத்து இழை இழுப்பவர் ஒருவர். பொடி தூவி நிறம் நிரப்புபவர்கள் பலர். அதே கோலத்தை நீளத்திலும் அகலத்திலும் இரு மடங்காக்கினால் புள்ளிகளின் எண்ணிக்கை மாறுவதில்லை, இழையின் போக்கும் மாறுவதில்லை. நிறம் நிரப்ப வேண்டிய பரப்போ நான்கு மடங்காகிவிடுகிறது. திரையிலும் அப்படித்தான். முழு எச்டி திரையில் 1920க்கு 1080 என்ற கணக்கில் 20,73,600 புள்ளிகள் உள்ளன; 4கே திரையில் 82,94,400. திரை பெரிதாகப் பெரிதாக கார்டின் சுமை ஏறிக்கொண்டே போகும், பிராசசரின் சுமை ஏறக்குறைய அதே அளவில் நிற்கும். இந்த நிரப்பும் வேலைக்காகவே கார்டை வேறு விதமாக அமைத்திருக்கிறார்கள். ஐ5 12400எஃப் பிராசசரில் இருப்பவை 6 கோர்கள், அதாவது தனித்தனியே கணக்கிடும் 6 பகுதிகள். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டில் 3,072 சிறு கணக்கீட்டு அலகுகள் உள்ளன. இவற்றில் ஒன்றை எடுத்துத் தனியே வைத்தால் பிராசசரின் கோருக்கு அருகில்கூட வராது. ஆனால் ஒரே வகைக் கணக்கை ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே நேரத்தில் போட வேண்டும் என்றால் பிராசசரால் இவற்றோடு ஈடுகொடுக்க முடியாது.

சைபர்பங்க் 2077 போன்ற, காட்சிச் செறிவு மிகுந்த கதை விளையாட்டுகளைச் சாதாரண 60 அல்லது 75 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு அத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டரில் ஆடுபவருக்கு ஓரளவு புதிய 6 கோர் பிராசசர் போதும். ஐ5 12400எஃப், ரைசன் 5 5600 ஆகிய வரிசையில் ஒன்றை எடுத்துக்கொண்டு, கார்டுக்குக் கொடுக்கும் தொகையில் பாதிக்கு மேல் பிராசசருக்குப் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நிரல் எழுதிப் பழகுவது உட்பட, கல்லூரிப் படிப்புக்கும் அந்த 6 கோர் தாராளம்.

கடைக்காரர் பக்கம் ஒரு நியாயம் உண்டு. கார்டை மாற்றுவது இரண்டு திருகும் ஒரு கேபிளும் சம்பந்தப்பட்ட வேலை. பிராசசரை மாற்றப் போனால் சில நேரம் மதர்போர்டையும் ரேமையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். அதற்காக இப்போதே பெரிய பிராசசர் வாங்க வேண்டும் என்பதில்லை, பின்னாளில் பெரியதை ஏற்கும் மதர்போர்டாக வாங்கினால் போதும். 2017இல் முதல் ரைசனோடு வந்த, ஏஎம்4 என்ற பிராசசர் பொருத்தும் அமைப்பு கொண்ட மதர்போர்டுகள் பலவற்றில், பயாஸைப் (கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருளை) புதுப்பித்தபின், 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி வரை பொருத்த முடிந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்து உள்ள இன்டெல் பிராசசர்களில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. ரைசன் 5 5600இலும் கிடையாது. “கார்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லி இவற்றில் ஒன்றைக் கொடுத்துவிட்டால், வீட்டுக்குக் கொண்டுவந்து சுவிட்சைப் போட்டதும் திரையில் ஒன்றுமே வராது. கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் மட்டும் மலிவானதாக வேண்டாம். நாளை பெரிய கார்டு போடும்போது தாங்க வேண்டியது அதுதான்.

வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 இரண்டும் ஆடுகிறேன். ரைசன் 5 3600 பிராசசர், 165 ஹெர்ட்ஸ் மானிட்டர், முழு எச்டி, எல்லா செட்டிங்கும் “லோ”. ஜிடிஎக்ஸ் 1660 சூப்பரை விற்றுவிட்டு, பகுதி நேர வேலையில் சேர்த்த பணத்தில் ஆர்டிஎக்ஸ் 4070 வாங்கினேன். ஃபிரேம் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 40 சதவீதம்தான் காட்டுகிறது, ஆகவே குறை அதில் இல்லை என்று நினைக்கிறேன். கார்டில் கோளாறா ஐயா? – மாணவர், கோவை

கார்டில் கோளாறு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பணம் சேர்க்க நீங்கள் பட்ட பாடு கடிதத்தில் தெரிகிறது. அதனால் அடுத்த பொருளை வாங்கும் முன் ஐந்து நிமிடச் சோதனை ஒன்றைச் செய்யச் சொல்கிறேன். விளையாட்டின் ரெசல்யூஷனை 1280க்கு 720 என்று குறைத்து, அதே இடத்தில் நின்று ஃபிரேம் எண்ணிக்கையைப் பாருங்கள். நிரப்ப வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விட்டதால் கார்டின் வேலை பெரிதும் குறைந்திருக்கும். அப்படியும் எண்ணிக்கை ஏறவில்லை என்றால் தாமதம் பிராசசரில். ஏறினால் கார்டில். விளையாட்டில் ஃபிரேம் வரம்போ, ஃபிரேமை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் வி-சிங்கோ போட்டிருந்தால் முதலில் அதை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் சோதனை பொய் சொல்லும்.

அந்த 40 சதவீதம் பலரையும் ஏமாற்றும் எண். உங்கள் பிராசசரில் 6 கோர், 12 த்ரெட்; அதாவது ஒரே நேரத்தில் 12 வேலை வரிசைகளை ஓட்டலாம், அப்படி ஒரு வரிசைதான் த்ரெட். டாஸ்க் மேனேஜர் காட்டுவது பன்னிரண்டின் சராசரி. ஒரே ஒரு த்ரெட் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடி, மற்றவை சும்மா இருந்தால் அந்தச் சராசரி 8 சதவீதம்தான் வரும். விளையாட்டு நிரல்களில் பெரும்பாலும் ஒரு முதன்மைத் த்ரெட் இருக்கும். குண்டு பட்டதா என்று தெரியாமல் எதிரி விழுந்தானா என்று சொல்ல முடியாது, எதிரி விழுந்தானா என்று தெரியாமல் வரையும் பட்டியலைத் தயாரிக்க முடியாது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க வேண்டிய வேலையை எத்தனை கோர்கள் இருந்தாலும் பங்கு போட்டுக்கொள்ள இயலாது. பங்கிட முடியாத பகுதியே மொத்த வேகத்துக்கு எல்லை வகுக்கிறது என்பதை ஜீன் அம்டால் 1967இலேயே எடுத்துச் சொல்லிவிட்டார். விண்டோஸ் ஒரு த்ரெட்டை ஒரு கோரிலிருந்து இன்னொரு கோருக்கு மாற்றிக்கொண்டே இருப்பதால், தனித்தனி கோர்களின் வரைபடத்தைப் பார்த்தாலும் எதுவும் நூறைத் தொடாமல் போகலாம். கார்டின் பயன்பாட்டு எண்ணைத்தான் நம்ப வேண்டும். அது 95க்கு மேல் நின்றால் கார்டு முழுமூச்சில் உழைக்கிறது. உங்களுக்கு அது பாதியில் நின்றால் பட்டியல் வராமல் காத்திருக்கிறது என்று பொருள்.

165 ஹெர்ட்ஸ் திரையை நிரப்ப ஒரு ஃபிரேமுக்கு 6 மில்லி விநாடிதான் கிடைக்கிறது. செட்டிங்கை “லோ”வில் வைத்ததால் கார்டின் வேலை சுருங்கிவிட்டது, பிராசசரின் வேலை பெரிதாகச் சுருங்கவில்லை. போட்டி விளையாட்டுகளில் பிராசசருக்கு முதலிடம் வருவது இதனால்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு ரைசன் 7 5800எக்ஸ், 5800எக்ஸ்3டி என்ற இரண்டும். இரண்டிலும் 8 கோர். உச்ச வேகம் முதலாவதில் 4.7 கிகாஹெர்ட்ஸ், இரண்டாவதில் 4.5. பெட்டியில் அச்சிட்டதைப் படித்து வாங்குபவர் முதலாவதைத்தான் எடுப்பார். ஆனால் பெரும்பாலான விளையாட்டுகளில் வேகம் குறைந்த இரண்டாவதே முந்துகிறது. காரணம், பிராசசருக்குள்ளேயே இருக்கும் மூன்றாம் நிலை கேஷ் மெமரி முதலாவதில் 32 எம்பி. இரண்டாவதில் அதன்மீது இன்னோர் அடுக்குச் சில்லை ஒட்டி 96 எம்பியாக ஆக்கியிருக்கிறார்கள். தேவையான தகவல் கேஷில் இல்லாமல் ரேம் வரை போய் வந்தால், அந்தப் பயணத்துக்குள் பிராசசரின் நூற்றுக்கணக்கான துடிப்புகள் வீணாகிவிடும். விளையாட்டுகள் நினைவகத்தில் இங்குமங்கும் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு தகவல்களைத் தொட்டுக்கொண்டே இருப்பவை. ஆகவே கிகாஹெர்ட்ஸைவிட இந்தப் பக்கத்து அலமாரி பெரிதாக இருப்பது அவற்றுக்கு அதிகம் உதவுகிறது.

உங்கள் மதர்போர்டு ஏஎம்4 வகை என்பதால் பயாஸைப் புதுப்பித்துவிட்டு 5800எக்ஸ்3டி அல்லது 5700எக்ஸ்3டி கையிருப்பில் கிடைத்தால் பொருத்திக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் ரைசன் 5 5600கூட நல்ல முன்னேற்றம் தரும். அதற்கும் முன்னால் செலவில்லாத வேலை ஒன்று உண்டு. பயாஸுக்குள் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். 3200 என்று எழுதி விற்ற ரேம், அதை இயக்காவிட்டால் 2133 அல்லது 2666இல்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

ஐ5 12400 வைத்திருந்த கணினியில் புதிதாக ஆர்டிஎக்ஸ் 3060 போட்டோம். கார்டின் விசிறி சுற்றுகிறது, டிவைஸ் மேனேஜரிலும் பெயர் தெரிகிறது, ஆனால் விளையாட்டு முன்போலவே தட்டுத்தடுமாறி ஓடுகிறது. – வாசகி, செங்கல்பட்டு

கணினியின் பின்பக்கம் சென்று மானிட்டர் கேபிள் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சென்ற ஆண்டு தாம்பரத்தில் உறவினர் வீட்டில் இதே புகார். மேசைக்கு அடியில் டார்ச்சோடு குனிந்து பார்த்தபோது, எச்டிஎம்ஐ கேபிள் மேல்பகுதியில், யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில், மதர்போர்டின் துளையிலேயே இருந்தது. கீழே கிடைமட்டமாக அமைந்த கார்டின் துளைகளில் தூசி மறைக்கும் பிளாஸ்டிக் மூடிகள்கூடக் கழற்றப்படவில்லை. உங்கள் பிராசசரில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இருப்பதால், மதர்போர்டில் செருகினாலும் படம் வந்துவிடும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கேபிளைக் கார்டுக்கு மாற்றியதும், விண்டோஸின் டிஸ்பிளே செட்டிங்கில் ரெஃப்ரெஷ் ரேட் மானிட்டரின் முழு அளவில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி ஆண்டுக்கணக்கில் 60இல் ஓட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் உள்ளது ஐ5 7400. கார்டு ஜிடிஎக்ஸ் 1660. திரையின் மூலையில் 60 ஃபிரேம் என்று காட்டுகிறது, ஆனால் நகரத்துக்குள் வாகனம் ஓட்டும்போது சில விநாடிகளுக்கு ஒருமுறை படம் வெட்டி வெட்டி நிற்கிறது. 60 இருந்தும் ஏன் இப்படி? – வாசகர், யாழ்ப்பாணம்

மூலையில் தெரிவது ஒரு விநாடியின் சராசரி. அந்த விநாடியில் 59 ஃபிரேம்கள் ஒவ்வொன்றும் 15 மில்லி விநாடியில் வந்து, ஒன்று மட்டும் 115 மில்லி விநாடி எடுத்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் சரியாக ஆயிரம். கணக்குக்கு 60 ஃபிரேம். கண்ணுக்கு ஒரு வெட்டு. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் சராசரியோடு “ஒரு சதவீதத் தாழ்வு” என்ற எண்ணையும் சேர்த்துக் கேட்கிறார்கள். மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகம் அது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளில் ஃபிரேம் நேர வரைபடத்தை வரவழைத்துப் பார்த்தால், சமதளமாக ஓடும் கோட்டில் முள் முள்ளாக எழும்பும் இடங்களே நீங்கள் உணரும் வெட்டுகள்.

ஐ5 7400இல் 4 கோர், 4 த்ரெட் மட்டுமே. பிளேஸ்டேஷன் 5 உட்பட 2020இல் வந்த கன்சோல்கள் 8 கோர் பிராசசரோடு வந்துவிட்டதால், அதன்பிறகு உருவான பெரிய விளையாட்டுகள் அந்த வசதியை எதிர்பார்த்தே எழுதப்படுகின்றன. நகரத்துக்குள் வேகமாக ஓட்டும்போது முன்னால் வரப்போகும் தெருவை டிஸ்கிலிருந்து எடுத்து விரித்துப் போடுவதும், வழிப்போக்கர்களை நடமாட விடுவதும், கார்டுக்குப் பட்டியல் கொடுப்பதும் அந்த நான்கு கோர்களின் தலையில் ஒரே நேரத்தில் விழுகின்றன. பின்னணியில் ஆன்டிவைரஸ் எழுந்தால் அதற்கும் அவைதான் வழிவிட வேண்டும். எனவே உங்கள் நிலையில் முதலில் மாற வேண்டியது பிராசசர்தான். விளையாட்டு ஹார்டு டிஸ்கில் இருந்தால் அதற்கும் முன்பாக எஸ்எஸ்டிக்கு மாற்றிப் பாருங்கள்.

வெட்டுக்கு வேறொரு காரணமும் உண்டு, அது கார்டின் பக்கம். கார்டிலுள்ள மெமரி நிரம்பி வழிந்தால் மிஞ்சியதை ரேமில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் அங்கிருந்து இழுக்க நேரிடும். டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) செட்டிங்கை ஒரு படி குறைத்ததும் வெட்டு நின்றுவிட்டால் காரணம் அதுவே. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 8 ஜிபியிலும் 16 ஜிபியிலும் விற்கப்படுகிறது; இரண்டுக்கும் இடையிலான விலை வித்தியாசத்தைக் கொடுப்பது வீண் என்று நான் நினைக்கவில்லை.

விளையாட்டுக்கு கார்டு வேண்டும் என்பது எப்போது தொடங்கியது? நான் கல்லூரியில் படித்த காலத்தில் பெண்டியத்தில் கார்டு இல்லாமலே ஆடினோமே. – ஆசிரியர், சிவகாசி

ஆடினீர்கள், அப்போது இரு வேலையையும் பிராசசரே செய்தது. 1996இல் வந்த குவேக் என்ற சுடும் விளையாட்டு இதற்குச் சிறந்த சாட்சி. சுவரின் படத்தைத் தொலைவுக்கேற்ப சரியாகச் சரித்து வரைய, புள்ளிக்குப் புள்ளி ஒரு வகுத்தல் கணக்கு தேவை. வகுத்தல் பிராசசருக்கு மிக மெதுவான வேலை. குவேக்கை எழுதியவர்கள் 16 புள்ளிகளுக்கு ஒருமுறை மட்டும் வகுத்து, இடையில் உள்ளவற்றை நேர்கோட்டுக் கணக்கால் நிரப்பினார்கள். அதோடு, பெண்டியத்தில் தசமக் கணக்குப் பகுதி வகுத்துக்கொண்டிருக்கும்போதே முழு எண் பகுதி வேறு வேலை செய்ய முடியும் என்பதைப் பயன்படுத்தி, அடுத்த வகுத்தல் நடக்கும் நேரத்துக்குள் இந்த 16 புள்ளிகளையும் வரைந்து முடித்தார்கள். அந்தத் திறமையை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புத் தீரவில்லை. அலுவலக வேலையில் பெண்டியத்தோடு போட்டியிட்ட சைரிக்ஸ் பிராசசர்கள், தசமக் கணக்கில் பலவீனமாக இருந்ததால் குவேக்கில் வெகுவாகப் பின்தங்கின. விளையாட்டுக்காக எந்தப் பிராசசர் என்று பார்த்து வாங்கும் பழக்கம் பரவியதில் குவேக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே 1996இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டுகள் வந்தன. அவை முப்பரிமாணம் மட்டுமே அறிந்தவை. சாதாரணத் திரைக்கு வேறொரு கார்டு இருக்க வேண்டும், அதிலிருந்து ஒரு கேபிள் வூடூவுக்குள் நுழைந்து மானிட்டருக்குப் போகும். 1997இல், வரையும் வேலையைக் கார்டிடம் ஒப்படைக்க உதவும் ஓபன்ஜிஎல் முறையில் குவேக்கின் வடிவம் வெளியானபோது, புள்ளி நிரப்பும் வேலை பிராசசரின் கையை விட்டுப் போனது. உருவங்களின் மூலைகளைத் திருப்பி இடம் மாற்றும் கணக்கும் ஒளிக் கணக்கும் அதற்குப் பிறகும் பிராசசரிடமே இருந்தன. 1999இல் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 256 அவற்றையும் எடுத்துக்கொண்டது. அதை உலகின் முதல் ஜிபியு (கிராஃபிக்ஸ் வேலைக்கான பிராசசர்) என்று அந்நிறுவனம் விளம்பரப்படுத்தியது. ஆனால் அந்தச் சொல்லை சோனி தன் முதல் பிளேஸ்டேஷனில் 1994லேயே பயன்படுத்திவிட்டது.

டிஎல்எஸ்எஸ், ஃபிரேம் ஜெனரேஷன் இரண்டும் இருக்கும்போது பழைய பிராசசரே போதும் என்கிறான் நண்பன். உண்மையா? – வாசகர், சேலம்

இரண்டும் வேறு வேறு. 2018இல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசையோடு வந்த டிஎல்எஸ்எஸ், படத்தைச் சிறிதாக வரைந்து பிறகு பெரிதாக்குகிறது. முழு எச்டி திரையில் “குவாலிட்டி” நிலையில் உண்மையில் வரையப்படுவது 1280க்கு 720 மட்டுமே. இது கார்டின் சுமையைக் குறைக்கும். பிராசசரின் சுமையை ஒரு துளியும் குறைக்காது. கார்டு விரைவாக முடித்துவிட்டு அடுத்த பட்டியலைக் கேட்பதால், பழைய பிராசசரின் இயலாமை இன்னும் முன்னதாகவே வெளிப்படும்.

2022இல் ஆர்டிஎக்ஸ் 40 வரிசையோடு வந்த ஃபிரேம் ஜெனரேஷன், வரையப்பட்ட இரு ஃபிரேம்களைப் பார்த்து நடுவில் ஒன்றைக் கார்டே உருவாக்கிக்கொள்வது. இதற்குப் பிராசசரின் தயவு வேண்டாம் என்ற அளவில் உங்கள் நண்பர் சொல்வது சரி, அசைவு வழவழப்பாகத் தெரியும். ஆனால் அந்த நடு ஃபிரேமில் உங்கள் விரல் அழுத்தியதற்கு இடமில்லை. அடுத்த உண்மையான ஃபிரேம் வந்தபின்தான் நடுவில் உள்ளதை உருவாக்க முடியும் என்பதால் சிறு தாமதமும் சேர்கிறது. விநாடிக்கு 60 உண்மையான ஃபிரேம்கள் இருந்து அதை 110 போலக் காட்டினால் நன்றாக இருக்கும். 25ஐ 50 ஆக்கினால் பார்க்கச் சுமார், கையில் எடுத்து ஆடினால் சேற்றில் நடப்பது போலிருக்கும்.

சிவிலைசேஷன் போன்ற உத்தி விளையாட்டுகள் மட்டுமே ஆடுகிறேன். பெரிய கார்டு வாங்கினால் கணினியின் முறை வரும்போது காத்திருக்கும் நேரம் குறையுமா? – வாசகி, திருச்சி

குறையாது. அந்த நேரத்தில் கணினி மற்ற நாடுகளின் படையையும் வணிகத்தையும் பற்றி முடிவெடுத்துக்கொண்டிருக்கிறது. அது முழுக்கப் பிராசசரின் வேலை. நகரம் கட்டும் விளையாட்டுகளிலும் மக்கள்தொகை பெருகப் பெருக இதே நிலைதான் வரும். நீங்கள் இருக்கும் கார்டை வைத்துக்கொண்டு பிராசசரை மாற்றலாம்.

ஒரே ஆர்டிஎக்ஸ் 4060 என்று எழுதியிருந்தும் இரண்டு லேப்டாப்களில் வேகம் வேறாக இருப்பது ஏன்? – மாணவி, கோலாலம்பூர்

லேப்டாப்புக்கான 4060க்கு 35 வாட் முதல் 115 வாட் வரை எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதைத் தயாரிப்பாளரே முடிவுசெய்துகொள்ளலாம். மெல்லிய லேப்டாப்பில் குறைந்த வாட்டில் ஓடும் 4060, தடித்த லேப்டாப்பின் 4060க்கு ஈடாகாது. பெரும்பாலான லேப்டாப்களில் பிராசசரும் கார்டும் வெப்பக் குழாய்களைப் பகிர்ந்துகொள்வதால், ஒன்று சூடானால் மற்றதும் வேகத்தைக் குறைக்க நேரிடும். பெயரைப் பார்க்காமல் வாட்டைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் மாற்றவே முடியாத பொருள் அது.

இப்போதைக்குக் கார்டு வாங்க வசதியில்லை. ரைசன் 5 5600ஜி போதுமா? – வாசகர், தஞ்சாவூர்

எளிய விளையாட்டுகளுக்கும் போட்டி விளையாட்டுகளுக்கும் குறைந்த செட்டிங்கில் போதும். ஆனால் ரேமை இரண்டு துண்டுகளாக வாங்குங்கள். உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லை, ரேமையே நம்பியிருக்கிறது. டிடிஆர்4 3200 ரேம் ஒன்று மட்டும் இருந்தால் விநாடிக்கு 25.6 ஜிபி போய்வரும். இரண்டு இருந்தால் 51.2. 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கார்டின் சொந்த மெமரியில் அது 360. கார்டுக்கும் உள்ளமைந்ததற்கும் இடையே இவ்வளவு தூரம் இருப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். நான்கு ரேம் துளைகள் உள்ள மதர்போர்டாக இருந்தால், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் பொருத்துவதே பெரும்பாலானவற்றுக்கு உரிய முறை. பொருத்தும் முன் கையேட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடையில் அரைமணி நேரம் ஆடியதும் ஃபிரேம் இறங்கிவிடுகிறது. காலையில் நன்றாக ஓடுகிறது. எதை மாற்ற வேண்டும்? – வாசகர், வேலூர்

எதையும் வாங்கிவிடாதீர்கள். வெப்பம் வரம்பைத் தொட்டதும் பிராசசரும் கார்டும் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விளையாடும்போது இரண்டின் வெப்பத்தையும் கிகாஹெர்ட்ஸையும் திரையில் வரவழைத்து, ஃபிரேம் இறங்கும் அந்த நிமிடத்தில் எதன் கிகாஹெர்ட்ஸ் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிராசசர் என்றால், 100 டிகிரி செல்சியஸை நெருங்கியிருக்கும். கூலரின் தகடுகளுக்கிடையே தூசி கம்பளிபோல் படிந்திருக்கலாம், பிராசசருக்கும் கூலருக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து செதிலாகியிருக்கலாம். காற்று ஊதிச் சுத்தம் செய்யும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிட்டால் அதன் தாங்கி கெட்டுப்போகும். பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, பிற்பகலில் கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு அதே விளையாட்டை அரைமணி நேரம் ஆடிப் பாருங்கள். வெப்பம் பத்து டிகிரி குறைந்து ஃபிரேம் நிலையாக நின்றால், கேபினட் மேசை அறைக்குள் சுவரை ஒட்டி அடைபட்டிருக்கிறது என்று பொருள். வெளியே இழுத்து வைத்தால் போதும்.